புருவத்துக்கு வரி

ஓய்வு பெற்றவர்களின் பென்ஷனுக்கு வரி போடலாமா கூடாதா என்று சட்டமன்றத்தில் இரண்டு கூட்டத்தொடர் முழுக்கச் சண்டை நடந்தது. ஒரு தரப்பு, எந்த வழியில் வந்தாலும் வருமானம் வருமானம்தான், இன்றைக்கு வேலைக்குச் சேர்ந்த பையன் கட்டும்போது நேற்று வேலையை விட்டவர் கட்டினால் என்ன குறைந்துவிடும் என்றது. இன்னொரு தரப்பு, அது வருமானமே இல்லை, நாடு காட்டும் நன்றி, நன்றியில் பிடித்தம் செய்கிற நாடு உருப்படாது என்றது. கேட்கும்போது இரண்டும் சரியாகத்தான் பட்டது. யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவது என் சுபாவம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்தப் பக்கத்துக் குரலையும் அந்தப் பக்கத்துக் குரலையும் இணைத்துவிட்டு நடுவில் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் என் தொழில்.

கடைசியில் ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி மூன்று மலைவாசஸ்தலங்களில் தங்கி யோசித்து ஒரு சமரசம் கண்டது. உண்மையிலேயே வேலையை நிறுத்திவிட்டவர் வரி கட்ட வேண்டாம். ஓய்வு பெற்றதாகச் சொல்லிக்கொண்டு இன்னும் உழைத்துக்கொண்டிருப்பவர் கட்ட வேண்டும். கேட்க நியாயமாக இருந்தது. நியாயமாக இருக்கிற விஷயங்களைப் பார்த்துத்தான் ஆபீஸ்காரர்கள் நாற்காலி போட்டு உட்காருவார்கள். யார் ஓய்வில் இருக்கிறார், யார் இல்லை என்று கண்டுபிடிக்க ஓய்வுச் சரிபார்ப்புத் துறை என்று ஒன்று முளைத்தது. அதற்கு ஆறு மாடியில் ஒரு கட்டடம் எழும்பியது. பிறகு என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. வருகிற திங்கள் முதல் ஒரு வாரம் தங்கள் ஓய்வு நேரில் வந்து சரிபார்க்கப்படும். ஒத்துழைக்கத் தவறினால் தாங்கள் உழைப்பவராகக் கருதப்படுவீர்கள்.

கடிதத்தை என் மகன் இரண்டு தடவை படித்தான்.

"அம்மா, ஒரே ஒரு வாரம். நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும். பென்ஷன் முழுசாத் தப்பிச்சிடும்."

"நான் உக்காந்துட்டா சமையலை யாருடா பாக்கறது?"

"நாங்க பாத்துக்கறோம்மா."

மருமகள் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே சொன்னாள். "அத்தை இப்ப மட்டும் என்ன பெருசா பண்றாங்க? சும்மாதானே இருக்காங்க. புதுசா ஒண்ணும் மாத்த வேண்டியதில்லையே."

அவள் குத்திக்காட்டவில்லை. மனதார நம்பித்தான் சொன்னாள். அந்த நேரத்தில் நான் அவளுடைய மதியச் சாப்பாட்டு டப்பாவின் மூடியிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த வளையம் தனியாகக் கழன்று வரும் என்பதும், கழற்றிக் கழுவாவிட்டால் நாற்றம் அடிக்கும் என்பதும் அந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

முழுப் பென்ஷன் மகனுக்கு எதற்கு என்பது எனக்குத் தெரியும். வீட்டுக் கடன் தவணை. என் வங்கி அட்டை அவன் பர்ஸில்தான் இருந்தது. "உங்களுக்கு எதுக்கும்மா அலைச்சல்" என்று வாங்கி வைத்துக்கொண்டான். எனக்கு எதற்கு என்பது அவனுக்குத் தெரியாது.

எக்ஸ்சேஞ்சில் எங்களுக்குப் பெயர் கிடையாது. எந்த எண் நாற்காலியோ அதுதான் நாங்கள். நான் பன்னிரண்டு. ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு மிச்சமிருந்த ஒரே சிநேகிதி நாலு. நகரத்தின் மறுகோடியில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள். கூட இருந்தவள் வேலை மாற்றலாகிப் போய்விட, ஓர் அறை காலியாகியிருந்தது.

"இங்க பாரு பன்னெண்டு," என்றாள் போனில். "உன் பென்ஷன் முழுசா வந்தா பாதி வாடகை குடுத்துடலாம், சாப்பிடலாம், மாசத்துக்கு ஒரு சினிமா பாக்கலாம். கொஞ்சம் வரி பிடிச்சான்னா சினிமா போச்சு. நெறையப் பிடிச்சான்னா சாப்பாடு போச்சு. மாசக் கடைசி வரைக்கும்தான் ரூமைப் பிடிச்சு வெப்பேன். ஒரு பல் டாக்டரம்மா தினம் வந்து ஜன்னலைத் தெறந்து தெறந்து பாத்துட்டுப் போறா."

"வரேன்டி."

"பையன்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லணும்."

"எப்ப?"

"சொல்லணும்டி."

"ஊரான் பேச்சையெல்லாம் ஒழுங்கா கனெக்ட் பண்ணிவிட்ட. உன் பேச்சுன்னா மட்டும் லைன் செத்துப்போயிடுது."

இப்படியாக, அந்த வீட்டில் இருந்த எல்லோரும் நான் ஓய்வெடுத்தே தீரவேண்டும் என்பதில், அவரவர் காரணத்தோடு, ஒருமனதாக இருந்தோம். அதற்கு முன்னால் நாங்கள் எதிலும் ஒருமனதாக இருந்ததாக நினைவில்லை.

திங்கட்கிழமை ஆய்வாளர் வந்தார். நடுவயது, சாதுவான முகம், நாள் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து வந்த முதுகுவலி. கையோடு ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் லஞ்சக் கணக்கில் சேருமாம். தண்ணீரும் அவருடையதே. கட்டைவிரலால் அழுத்தினால் ஒவ்வொன்றாக எண் கூடுகிற சின்னக் கருவி ஒன்று கையில் இருந்தது. சோபாவில் என்னை உட்காரவைத்துவிட்டு எதிரே நாற்காலியை விரித்தார்.

"இயல்பா இருங்க மேடம். நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்குங்க."

"இயல்பா இருந்தா நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுவேனே சார்."

அவர் யோசித்தார். "அப்ப இயல்பா இருக்காதீங்க."

இயல்பாக இல்லாமல் இருந்தேன். சோபாக் கையில் கிடந்த துண்டை மடித்தேன். டிக். மெத்தையில் ஒட்டியிருந்த பிஸ்கட் துகளைப் பொறுக்கினேன். டிக். வெயில் தரையில் விழுகிறதே, தரை வெளுத்துவிடுமே என்று திரைச்சீலையை இழுத்துவிட்டேன். டிக். கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே புரியவில்லை. கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்தேன். ஆய்வாளர் குழம்பிப்போய் ஆபீசுக்கு போன் செய்தார். கையின் மேல் உட்காருவது உழைப்பா, ஓய்வா? கையின் கோணத்தில் பார்த்தால் உழைப்பு, மற்ற உடம்பின் கோணத்தில் ஓய்வு என்று சொல்லி, விளக்கம் வரும்வரை அதைத் தனியே குறித்துக்கொள்ளச் சொன்னார்களாம்.

அடுப்படியில் மகன் பாலைப் பொங்கவிட்டான். மருமகள் பேத்திக்கு ஒரு காலில் நீலமும் ஒரு காலில் வெள்ளையுமாகச் சாக்ஸ் மாட்டிவிட்டாள். இஸ்திரிப் பெட்டி ஒரு சட்டையின் முதுகில் தன் உருவத்தைப் பழுப்பாகப் பதித்தது. எல்லாம் என் கண் முன்னால். நான் மெழுகுபொம்மை மாதிரி அசையாமல் இருந்தேன். மறுநாள் மத்தியானத்துக்குள் என் கைகள் அடங்கிவிட்டன. டிக் சத்தம் நின்றது. சினிமா நிச்சயம் என்று மனதுக்குள் நாலிடம் சொல்லிக்கொண்டேன்.

அப்போது ஆய்வாளர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

டிக்.

"இப்ப நான் ஒண்ணுமே பண்ணலையே சார்?"

"புருவம் மேடம்."

"புருவமா?"

"லேசா ஏறுச்சு. என்ன நினைச்சீங்க?"

"அடுப்புல பால் சத்தம் மாறின மாதிரி இருந்துச்சு."

"பாலை வெச்சது யாரு?"

"பையன்."

"பாத்துட்டு இருக்கறது?"

நான் அவசரமாகப் புருவத்தை இறக்கிக்கொண்டேன்.

"ஒருத்தர் செய்யற வேலையை இன்னொருத்தர் கவனிக்கறதுக்கு மேற்பார்வைன்னு பேரு மேடம்," என்று எழுதிக்கொண்டார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "நீங்க பேசாம அந்தத் துண்டையே மடிச்சிருக்கலாம். கை வேலைக்கு வரி கம்மி. மேற்பார்வைக்குத்தான் உச்ச வரம்பு. எந்த ஆபீஸ்லயும் அப்படித்தானே? மூட்டை தூக்கறவனுக்குக் கொஞ்சம், தூக்கறதைப் பாக்கறவனுக்கு நெறைய."

"எனக்கு யாரும் நெறையக் குடுக்கலையே சார்."

"குடுக்கறது வேற துறை மேடம்."

புருவத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டேன். மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்களாம். தன்னைப் பற்றி நினைக்கிற புருவம், அடுத்தவரைப் பற்றி நினைக்கிற புருவம், எதையுமே நினைக்காத புருவம் என்று மூன்று வகை. முதல் இரண்டுக்கும் நிறையப் படங்கள் காட்டினார்கள். மூன்றாவதற்கு அவர்களுடைய மேலதிகாரியின் படம் ஒன்றைத்தான் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கருவி ஓயவில்லை. பேத்தியின் ஆடுகிற பல், டிக். குளியலறைக் குழாயின் சொட்டு, டிக். மருமகள் மூன்று நாளாகத் தலைவலி மாத்திரை போடுகிறாளே, டாக்டரிடம் போகச் சொன்னால் கோபித்துக்கொள்வாளோ? இதற்கு இரண்டு டிக். நினைப்பு ஒன்று, அதைச் சொல்லும் விதம் பற்றிய நினைப்பு இன்னொன்று என்றார். எண்ணிக்கையைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்தது. இத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டு நானும்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், சும்மாதான் இருக்கேன் என்று.

சரி, முதல் வகைப் புருவத்துக்கு மாறிவிடலாம், என்னைப் பற்றி மட்டும் நினைக்கலாம் என்று தீர்மானித்தேன். அதற்கு வரி இல்லையாம். கண்ணை மூடி உள்ளே போனேன். எனக்குச் சாப்பிட என்ன பிடிக்கும்? எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியது எதுவோ அது. எந்த நிறம் பிடிக்கும்? சாயம் போகாத நிறம். எங்கே திரும்பினாலும் வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். சொந்த வீட்டுக்குள் போய் நாற்காலி காலி இருக்கிறதா என்று தேடுகிற விருந்தாளி மாதிரி எனக்குள்ளே நான் சுற்றினேன். வெகுநேரம் கழித்து ஒரு ஜன்னல் தட்டுப்பட்டது. மூன்றாம் மாடி. அதன் அருகே கட்டில். கட்டிலில் படுத்துக்கொண்டு காலை எட்டு மணி ஆகிவிட்டதே என்ற பயமில்லாமல் ஒருத்தி மேகம் பார்க்கிறாள்.

கண்ணைத் திறந்தபோது ஆய்வாளர் கருவியை அழுத்தாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன நினைச்சீங்க மேடம்?"

"சொல்லணுமா?"

"வேண்டாம். அது கணக்குல வராது," என்றார். தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் மகன் பால் காய்ச்சப் பழகிவிட்டான். சாக்ஸ் ஜோடி சேர்ந்தது. வாய் வைக்க முடியாத சமையல், வாய் வைக்கிற சமையல் ஆனது. நான் இல்லாமல் வீடு இடிந்து விழவில்லை. நியாயமாக அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சில் எங்கேயோ சுருக்கென்றது. மூன்றாம் மாடி ஜன்னலுக்கு ஆசைப்படுகிறவளே, இவர்கள் பாலைப் பொங்கவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் ஆசைப்படுகிறாயா? அதற்கும் ஒரு டிக் விழுந்தது. எந்த வகையில் சேர்த்தார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் விசாரணை. ஓய்வுச் சரிபார்ப்புத் துறையின் ஆறு மாடிக் கட்டடத்தில் நுழைந்ததுமே, வீட்டில் நான் ஒரு வாரமாக முயன்றும் எட்டாத நிலையை ஒவ்வொரு மேசையிலும் பார்த்தேன். மூன்றாம் வகைப் புருவங்கள் வரிசை வரிசையாக இருந்தன. கோப்புகளின் மேல் பேப்பர்வெயிட், பேப்பர்வெயிட்டின் மேல் கை, கையின் மேல் கன்னம். மேலதிகாரியின் அறையில் பெரிய கண்ணாடி மேசை. அதன் மேல் ஒரு முத்திரைக்கட்டையும் மைப்பெட்டியும் தவிர எதுவும் இல்லை.

மகனும் மருமகளும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். நாலு என் பக்கம். சிநேகிதி என்று மட்டும் அறிமுகப்படுத்தியிருந்தேன். ஆய்வாளர் தன் மடக்கு நாற்காலியில் ஓரமாக.

"ஓய்வுங்கறது லேசுப்பட்ட விஷயம் இல்லம்மா," என்று மேலதிகாரி ஆரம்பித்தார். "எல்லாராலயும் முடியாது. அதுக்கு ஒரு சாதகம் வேணும். இந்த மேசையைப் பாருங்க. ஒரு தாள் இருக்கா? வந்த நிமிஷமே கீழ அனுப்பிடுவேன். கீழ இருக்கறவர் படிக்காம மேல அனுப்புவார். நான் படிக்காம மறுபடி கீழ அனுப்புவேன். கோப்பு ஓடிட்டே இருக்கும், மனுஷங்க நிம்மதியா இருப்போம். இத்தனை வருஷ சர்வீஸ்ல என் கையெழுத்து எப்படி இருக்கும்னு எனக்கே மறந்துபோச்சு. அதனாலதான் அரசாங்கம் தேடிப்பிடிச்சு என்னை இந்தத் துறைக்குத் தலைவராப் போட்டுச்சு."

நாலுக்குப் பொறுக்கவில்லை. "சார், ஒரு சந்தேகம். ஒரு கையால குடுத்துட்டு இன்னொரு கையால புடுங்கறதுக்கு, மொதல்லயே கொஞ்சம் கம்மியா குடுத்துத் தொலைச்சா என்ன?"

மேலதிகாரி குழந்தையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். "தொலைச்சிடலாம்மா. அப்புறம் குடுக்கறதுக்கு ஒரு துறை, புடுங்கறதுக்கு ஒரு துறைன்னு ரெண்டு எதுக்கு? எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்னு யோசிச்சீங்களா?"

"இதுல உங்களுக்கு நல்ல வசூலா?"

"வசூலா? எங்க துறைக்கு ஆகற செலவுல மூணுல ஒரு பங்குகூட வரலை. அந்தத் துண்டு விழறதைச் சரிகட்டத்தான் அடுத்த வருஷம் வரியைக் கொஞ்சம் ஏத்தப் போறோம்."

மருமகளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எனக்கு நல்லது செய்யவேண்டும் என்ற ஆவேசத்தோடு அவள் எழுந்து நின்றாள்.

"சார், எங்க அத்தை சத்தியமா ஒரு வேலையும் செய்யறதில்ல. காலைல எந்திரிப்பாங்க, உக்காருவாங்க, நாள் ஓடிடும். நான் கல்யாணமாகி வந்ததுலேருந்து பாக்கறேன், அவங்க எதையும் செஞ்சு நான் பாத்ததே இல்ல."

பொய் சாட்சி சொல்லும் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான கம்பிகளில் கேட்டிருக்கிறேன். இது அந்தக் குரல் இல்லை. அவள் பாவம், கண்டதைத்தான் சொன்னாள்.

ஆய்வாளர் எழுந்து மொத்த எண்ணிக்கையைப் படித்தார். அறையில் யாரோ விசிலடித்தார்கள். நாலாகத்தான் இருக்கும். மேலதிகாரி தீர்ப்பை வாயால் சொன்னார், ஆய்வாளர் எழுதிக்கொண்டார். "உடல் பூரண ஓய்வில் உள்ளது. மனம் முழுநேரப் பணியில் உள்ளது. மகனின் இல்லத்தில் மேற்பார்வையாளர் பதவி வகிக்கிறார். உச்ச வரம்பு வரி."

சினிமா மட்டும் இல்லை, சாப்பாடும் போய்விட்டது. பல் டாக்டரம்மா என் ஜன்னலைத் திறப்பது கண்ணில் தெரிந்தது.

மகன் துள்ளி எழுந்தான். "இதெல்லாம் ஒரு வேலையா சார்? அம்மான்னா அப்படித்தான் ஏதாவது நினைச்சுக்கிட்டே இருப்பாங்க! இதுக்குச் சம்பளமா குடுக்கறாங்க?"

"சம்பளம் இருந்தாத்தான் வேலைன்னு சட்டத்துல இல்ல தம்பி."

"அப்ப இது வேலைன்னு அரசாங்கம் ஒத்துக்குதா?"

மேலதிகாரி பதறிவிட்டார். "வரிக்கு மட்டும்! வரிக்கு மட்டும்தான் ஒத்துக்குது! பொதுவா ஒத்துக்கிட்டா நாளைக்கு எங்க வீட்லயே கேள்வி வரும்."

எனக்கு அந்த நேரத்தில் கோபம் வரவில்லை. ஆய்வாளர் எழுதிக்கொண்டிருந்த ஒரு சொல்லின் மேல் கண் போய் நின்றது.

"சார்," என்றேன். "பதவின்னு சொன்னீங்களே?"

"ஆமா. மேற்பார்வையாளர் பதவி. கௌரவமான பதவிதான்."

"பதவின்னா ராஜினாமா பண்ணலாமில்ல?"

மேலதிகாரி ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் விதிகளைப் புரட்டினார். கூடாது என்று எங்கும் இல்லை.

"பண்ணலாம்," என்றார் மேலதிகாரி. "உங்களை நியமிச்சவங்ககிட்ட குடுக்கணும். அவங்க ஏத்துக்கணும். யாரு நியமிச்சாங்க?"

"நான் நியமிக்கல," என்றான் மகன்.

"நானும் இல்ல," என்றாள் மருமகள்.

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அந்த நாற்காலியில் உட்காரு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. காலியாகக் கிடந்தது, போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு, எழுந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வீட்டில் யாரும் அறியாத அதிகாரம் அது. யாரும் அறியவில்லையே என்ற மனக்குறையையும் நான்தான் வளர்த்தேன்.

"நான்தான் சார் என்னை நியமிச்சுக்கிட்டேன்," என்றேன். "என்கிட்டயே குடுக்கறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னேன். "ஏத்துக்கிட்டேன்."

நாலு கைதட்டினாள்.

"அம்மா, என்னம்மா இது விளையாட்டு?" என்றான் மகன்.

"விளையாட்டு இல்லடா. நாலோட வீட்ல ஒரு ரூம் இருக்கு. அங்க போறேன். சண்டை போட்டுட்டுப் போகலை. ஞாயித்துக்கிழமை வந்தீங்கன்னா காபி போட்டுத் தருவேன். நல்லாவே போடுவேன்."

சொல்லிவிட்டேன். எத்தனை மாதமாகத் தொண்டையில் நின்றது! லைன் சாகவில்லை.

மேலதிகாரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பதவி விலகினா பொறுப்பு ஒப்படைக்கணும். கையில இருக்கறதை இல்ல, தலையில இருக்கறதை. ஒண்ணு பாக்கி இருந்தாலும் ராஜினாமா செல்லாது."

அது எனக்குத் தெரிந்த வேலை. எக்ஸ்சேஞ்சில் முறை மாறும்போது ஆபரேட்டர் சட்டென்று எழுந்து போய்விட முடியாது. எந்தெந்த லைனில் யார் காத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். வந்து நிற்பவள் ஒவ்வொன்றுக்கும் 'எடுத்துக்கிட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசி லைனுக்கும் அந்தச் சொல் வந்த பிறகுதான் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றலாம்.

ஆரம்பித்தேன். பேத்தியின் கீழ்வரிசைப் பல், தானாக விழட்டும், பிடுங்கக் கூடாது. எடுத்துக்கிட்டேன் என்றாள் மருமகள். குழாய் வாஷர், பிளம்பர் புதன்கிழமைதான் இந்தப் பக்கம் வருவார். மகன் எடுத்துக்கொண்டான். கேஸ் தீர்வதற்கு முன்னால் தீ மஞ்சளாகும். மாடிவீட்டுக்காரரிடம் தண்ணீர் மோட்டார் பற்றிப் பேசும்போது முதலில் அவர் முழங்காலை விசாரிக்க வேண்டும். பேத்தி வயிறு வலிக்கிறது என்று சொல்வது கணக்குப் பரீட்சை அன்று மட்டும். டப்பா மூடி ரப்பர் வளையம்.

"எந்த வளையம் அத்தை?"

சொன்னேன்.

"அது கழண்டு வருமா?" என்று கேட்ட மருமகளின் முகம் மாறியது. அடுத்தடுத்துச் சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. "அந்தப் பக்கத்து வீட்டுச் சண்டை... அது நீங்க போய்ப் பேசினதாலயா அத்தை? தானாச் சரியாயிடுச்சுன்னுல்ல நினைச்சேன்."

"தானாச் சரியானதுன்னு நீ நினைச்சதெல்லாம் இதுலதான் வருதும்மா. இன்னும் பாதி இருக்கு. உன் தலைவலி. டாக்டர்கிட்ட போ. கோபிச்சுக்காதே."

"எடுத்துக்கிட்டேன்," என்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

மேலதிகாரி மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தார். வந்து பார்த்தபோதும் ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். மகன் பர்ஸைத் திறந்து என் வங்கி அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். "எடுத்துக்கிட்டேன்," என்று இந்த முறை நான் சொன்னேன்.

"அவ்வளவுதானா மேடம்?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"ஒண்ணு பாக்கி. ரொம்ப வருஷமா லைன்ல நிக்குது." மகனைப் பார்த்தேன். "நீதான்டா. வண்டியை வேகமா ஓட்றியா, ஆபீஸ்ல யாராவது திட்டினாங்களா, உங்கப்பா மாதிரி நெஞ்சுவலியை மறைக்கறியா, சந்தோஷமா இருக்கியா? நீ கதவைத் தெறந்துட்டு உள்ள வர்ற சத்தத்தை வெச்சு தினம் கணக்குப் போடுவேன். இதை யாருகிட்ட குடுக்கறது?"

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ இல்லம்மா. உன்கிட்ட ஏற்கெனவே நெறைய இருக்கு."

மகன் கண்ணாடி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்நெற்றியில் முடி ஏறிப்போன, கடன் தவணை கட்டுகிற ஆள். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் யாரும் தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்டது கிடையாது. ஆய்வாளரின் பேனா காத்துக்கொண்டிருந்தது. நானும் காத்திருந்தேன். இதில் உதவிக்குப் போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எடுத்துக்கிட்டேன்மா," என்றான்.

மேலதிகாரி முத்திரைக்கட்டையை மையில் அமுக்கிக் குத்தினார். அடுத்த மாதம் முதல் எனக்கு வரி விலக்கு. இந்த மாதத்துக்கு மட்டும் மேற்பார்வையாளர் வரி. கட்டுகிறேன் என்றேன். கட்டுவதில் எனக்கு வருத்தமே இல்லை. நான் செய்ததை வேலை என்று சொன்னது உலகத்திலேயே அந்தத் துறை ஒன்றுதான். அதற்காவது ஏதாவது கொடுக்க வேண்டாமா?

கிளம்பும்போது ஆய்வாளர் மெதுவாகக் கேட்டார். "சார், மேடம் இப்ப விட்ட பதவிக்கும் பென்ஷன் உண்டா?"

மேலதிகாரியின் புருவம் முதல்முறையாக அசைந்தது. "யோவ், சும்மா இருய்யா," என்றார். "அதுக்கு ஒரு கமிட்டி போடணும். அப்புறம் அந்தப் பென்ஷனுக்கு வரி போடலாமான்னு இன்னொரு கமிட்டி."

நானும் நாலும் பஸ் நிறுத்தத்துக்கு வந்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். சாயங்கால வெயில். நாலு பல் டாக்டரம்மாவுக்கு போன் செய்து, ரூம் போயிடுச்சு டாக்டர், வேற எங்கயாவது பாத்துக்குங்க என்று அநாவசியச் சந்தோஷத்தோடு சொன்னாள். நான் எதையும் நினைக்கவில்லை. தலைக்குள் அப்படி ஒரு இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. வெள்ளையடித்த காலி அறை மாதிரி அதில் அவள் குரல் எதிரொலித்தது.

"ஏய், நம்ம பஸ் போயிடுச்சுடி," என்று நாலு எழுந்து நின்றாள். "கண்ணு முன்னாடிதான் போச்சு. பாக்கலையா?"

"நீ பாக்கலையா?"

"நீ பாத்துப்பேன்னுதானே நான் பாக்கல!"

"நான்தான் ராஜினாமா பண்ணிட்டேனே."

நாலு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவதற்கு ஏதோ வாயில் வந்ததை விழுங்கினாள். பிறகு அவளும் காலை நீட்டிப் பெஞ்சில் சாய்ந்துகொண்டாள். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.